ஒரு கரண்டி உறை

அத்தியாயம் 17

ஜன்னல் விளிம்பில் தூசி எதுவும் இல்லை. லொரெட்டா அதை மறுபடியும் துடைத்தாள். கிருமிநாசினித் துணியின் நெடி அந்தச் சின்ன அறை முழுக்க நிறைந்திருந்தது. நர்ஸ் ட்ரூடி இரண்டு தடவை இருமிக் காட்டியும் அவள் கை நிற்கவில்லை. உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

கட்டிலில் ஹில்யா கண்ணை மூடிக் கிடந்தாள். ஆறு வயது. நேற்று மாலை தூக்கிப்போட்ட நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் நூற்றுநாலில் ஏறி உட்கார்ந்த காய்ச்சல் விடிந்தும் இறங்கவில்லை. கீமோவில் முடி கொட்டிய தலையில் அத்தை ஸைமா பின்னிக் கொடுத்த சிவப்புக் குல்லாய் இருந்தது. அதைக்கூட லொரெட்டா கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் மாட்டவிட்டாள். அது சுருங்கிப்போய் இப்போது பாதித் தலைக்குத்தான் வந்தது.

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்தே அவள் இப்படித்தான். செருப்பு வாசலோடு சரி, விருந்தாளி கிடையாது, நாய் முஸ்திக்குப் பின்கட்டைத் தாண்டி வர அனுமதி இல்லை. ஆஸ்பத்திரியில் "தயிர், மோர் எல்லாம் ஆகாது" என்று சொன்ன அன்றே வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகப் புகுந்த வீடான கார்வொனென் குடும்பத்து வீலியைத் தொட்டியில் கொட்டினாள்.

வீலி என்றால் நூல் நூலாக இழுபடும் கெட்டித் தயிர். அவள் கணவன் டேலின் பாட்டனுடைய அம்மா பின்லாந்திலிருந்து கப்பல் ஏறும்போது, ஒரு துணியைத் தயிரில் தோய்த்துக் காயவைத்து மடியில் முடிந்து கொண்டுவந்த உறை. மிச்சிகனின் இந்த வட முனையில் அந்த உறை ஒருநாளும் சாகவில்லை. இன்றைய கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து நாளைய பாலில் விடுவார்கள், அவ்வளவுதான். லொரெட்டா இத்தாலியக் குடும்பத்துப் பெண். கல்யாணமான நாளிலிருந்தே அந்தத் தயிரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அன்றைக்கு அதைக் கொட்டுகையில் மனசுக்குள் லேசாக ஒரு திருப்தியும் இருந்தது, அது பொய்யில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார் ஸைமா காலிக் கிண்ணத்தை ஒரு துணியால் துடைத்து மேடையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு என்று ஒன்று இல்லை.

ராத்திரி முழுக்க மகள் பக்கத்தில் நின்ற டேல், விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. மாவட்டத்துப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் அவன். புயல் அடிக்கும் நாளில் அவனுக்கு விடுப்பு கிடையாது. போகும்போது மகளின் பாதத்தைப் போர்வையோடு ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனான். கார்வொனென் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிடத்தான் என்று லொரெட்டாவின் அண்ணன் கேலி செய்வான்.

டாக்டர் மெர்சர் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இராது என்பது லொரெட்டாவுக்குத் தெரியும்.

"ரத்தத்துல ஒரு கிருமி வளர்ந்திருக்கு. மருந்து போட்டப்புறம் எடுத்த ரத்தத்துலயும் அது இருக்கு."

"என்ன கிருமி?"

"பேர் நாளைக்குத்தான் தெரியும். சங்கிலி மாதிரி கோத்துக்கிட்டு நிக்குது, இப்போதைக்கு அதான் தெரியுது. நாங்க போட்ட மருந்து இந்த மாதிரி எதையும் விட்டுவெக்காது. அதுக்கும் மசியலைன்னா, அப்படிப்பட்டது ரொம்பக் கொஞ்சம், புளிக்கவெச்ச சாப்பாட்டுல குடியிருக்கறது. உங்களையும் என்னையும் ஒண்ணும் பண்ணாது. இவ உடம்புலதான் எதிர்த்து நிக்க ஆளே இல்லையே."

"அப்ப வேற மருந்து போடுங்க."

"நான் நினைக்கிற கிருமியா இருந்தா பென்சிலின் நல்லாக் கேக்கும். இவளுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு எழுதியிருக்கே."

லொரெட்டாவுக்கு அது மறக்குமா? கைக்குழந்தையில் காதுவலிக்குக் கொடுத்த மருந்தில் முகம் பூசணியாக வீங்கி, மூச்சடைத்து, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினார்களே.

"காரணம் இல்லாம அதைத் தொட எனக்குத் தைரியமில்லை. காரணம் கிடைச்சா, பக்கத்துலயே நின்னு சொட்டுச் சொட்டா குடுத்துப் பாப்பேன். இவ ரத்த அழுத்தம் இறங்கிட்டே இருக்கு. நாளைக்கு வரைக்கும் காத்திருக்க எனக்கு மனசில்லை. அதான் கேக்குறேன், நல்லா யோசிச்சு சொல்லுங்க. தயிர், மோர், காய்ச்சாத பால், புளிக்கவெச்ச முட்டைக்கோஸ், ஏதாவது சாப்பிட்டாளா?"

"எதுவும் கிடையாது."

"யாராவது தெரியாம ஒரு வாய்..."

"டாக்டர், என் வீட்டுல தயிருங்கற பேச்சே இல்லை. இருந்ததை நானே என் கையால கொட்டினேன். இவளுக்கு நான் குடுக்கறது கோழி சூப், அதுல நட்சத்திரப் பாஸ்தா. அதைச் சாப்பிட்டுத்தான் போன மாசம் எடை ஏறினா. நீங்களே பாத்துட்டு சந்தோஷப்பட்டீங்க."

டாக்டர் மெர்சர் கையிலிருந்த தாளில் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கேள்வியை மாற்றினாள்.

"குடிக்க, குளிக்க எல்லாம் கிணத்துத் தண்ணியா?"

"ஆமா. கொதிக்கவெச்சுத்தான் குடுப்பேன்."

"நெஞ்சுல பதிச்ச மருந்துக் குழாயில குளிக்கும்போதுகூட ஏதாவது ஏறியிருக்கலாம். ஒரு பாட்டில் குடுக்கறேன். யாரையாவது அனுப்பிக் குழாய்த் தண்ணி பிடிச்சுட்டு வரச் சொல்லுங்க."

யாரையாவது என்ற சொல்லே லொரெட்டாவின் அகராதியில் கிடையாது. வேறு யார் பிடித்தாலும் பாட்டில் வாயில் கை படும். அதுவுமில்லாமல், இந்த அறையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் சுவரைச் சுரண்டத் தொடங்கிவிடுவாள். ட்ரூடி கட்டில் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "நான் இங்கயே இருக்கேன், போயிட்டு வாங்க" என்றாள்.

தாழ்வாரத்தில் ஸைமா உட்கார்ந்திருந்தாள். விடிகாலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். அவளை உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னதே லொரெட்டாதான். மடியில் ஏலக்காய் மணக்கும் நீசு ரொட்டி, காகிதத்தில் சுற்றியபடி.

"லொரெட்டா, டாக்டர் என்ன..."

"உங்க வண்டி இருக்குல்ல? என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் ஆம்புலன்ஸ்ல வந்தவ."

ஸைமா எழுந்து சாவியை எடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள், ஐம்பதை நெருங்கும் தனிக்கட்டை. ரொட்டியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஊரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் காடு. பனி குறுக்கே அடித்தது. கண்ணாடி துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முக்கி முனகிக்கொண்டு போனது. லொரெட்டா பாட்டிலைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"சவுனால ஆவிக்குளியலுக்குக் கல்லு மேல ஊத்துறதுக்கு ஏரித்தண்ணி மொண்டு வந்தீங்களா?"

"இல்லை."

"நிஜமா?"

"ஏரி உறைஞ்சு கிடக்கு."

லொரெட்டாவுக்குச் சுர்ரென்று வந்தது. இந்தக் குடும்பத்தில் ஒரு கேள்விக்கு முழுசாய்ப் பதில் வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

"கிருமி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம அவங்க தவிக்கிறாங்க. தண்ணியானு பாக்கணுமாம். பால், தயிர்னு வேற குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. அன்னிக்கு நான் கொட்டினப்ப உங்களுக்கு முகம் அப்படிப் போச்சே, இப்பப் பாருங்க. அடிச்சுச் சொன்னேன், எங்க வீட்டுல வீலி வாசனைகூடக் கிடையாதுன்னு."

வண்டி நின்றது. ஓரங்கட்டிக்கூட நிறுத்தவில்லை, நடுச்சாலையிலேயே நின்றது.

"அதை எதுக்குக் கேட்டாங்க?" என்றாள் ஸைமா.

"எடுங்க வண்டியை."

"எதுக்குக் கேட்டாங்கன்னு சொல்லு."

அந்தக் குரலை லொரெட்டா இதுவரை கேட்டதில்லை. அதனால் சொன்னாள். மருந்துக்கு மசியாத கிருமி, அது குடியிருக்கும் தயிர், பென்சிலின், இறங்கிக்கொண்டே வரும் ரத்த அழுத்தம், எல்லாவற்றையும். ஸைமா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"போன் எடு. டாக்டரைக் கூப்பிடு."

"எதுக்கு?"

"அவ வீலி சாப்பிடறா. ரெண்டு மாசமா."

லொரெட்டாவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் போனை எடுத்தாள். இந்தக் காட்டில் எந்தக் காலத்தில் சிக்னல் இருந்தது? திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட வீடுதான் பக்கம். வீட்டில் பழைய கம்பிப் போன் இருக்கிறது. ஸைமா கேட்காமலே வண்டியை விரட்டினாள்.

"நீங்கதானா?" என்றாள் லொரெட்டா. "என் பொண்ணை..."

"அன்னிக்கு நீ கொட்டினப்ப கிண்ணத்தைத் துடைச்சேனே, அந்தத் துணியைக் காயவெச்சு வெச்சிருந்தேன். சாக விட மனசு வரலை. அப்புறம் ஒருநாள் டேல் வந்து நின்னான். சின்ன வயசுலேர்ந்து என்கிட்ட எதையும் கேட்டவன் இல்லை அவன். 'புள்ள தண்ணிகூட வாந்தி எடுக்கறா அக்கா, வீலி இருக்கா வீலி இருக்கான்னு கேக்கறா'ன்னான். துணியைப் பால்ல போட்டேன். உயிரோடதான் இருந்துச்சு."

"டேலா?"

"சனிக்கிழமை சவுனா முடிஞ்சு ஹில்யாதான் உறை விடுவா. அவன் பக்கத்துல நிப்பான். மத்த நாள்ல நீ வேலைக்குப் போனப்புறம் ஒரு கிண்ணம் குடுப்பான்."

"அவ என் சூப்பைத்தான் சாப்பிட்டா. அதுலதான் எடை ஏறுச்சு."

ஸைமா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முஸ்தியைப் பாத்தியா நீ? எப்படி இருக்கான்னு பாத்தியா?"

வீட்டுப் பின்கதவைத் திறந்ததும் முஸ்தி வாலாட்டிக்கொண்டு வந்தான். வந்தான் என்பதைவிட உருண்டான் என்று சொல்வதுதான் சரி. வயிறு தரையைத் தொட்டது. இரண்டு மாதமாக அந்த நாயைத் தாண்டித் தாண்டிப் போனவள் லொரெட்டா. பின்கதவோரம், அவனுடைய தட்டின் அடியில், ஒரு குட்டி நட்சத்திரப் பாஸ்தா காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கு அடுத்த நொடி கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டரைப் பிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி போன் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் பாடியது. லொரெட்டா போன் கம்பி எட்டும் தூரம் வரை நடந்து நடந்து திரும்பினாள்.

"டாக்டர், நான் காலையில சொன்னது தப்பு. அவ தயிர் சாப்பிட்டிருக்கா. வீட்டுல உறை விட்ட தயிர். ரெண்டு மாசமா."

"கடைசியா எப்ப?"

லொரெட்டா திரும்பிப் பார்த்தாள். ஸைமா சொன்னதை அப்படியே சொன்னாள். "முந்தாநாள். சனிக்கிழமை."

"சரி. நான் பென்சிலின் ஆரம்பிக்கிறேன். மூச்சுக்குழாய் போடற டாக்டரையும் கூப்பிட்டு வெச்சுக்கறேன். நீங்க அந்தத் தயிரைக் கொண்டு வாங்க, ரத்தத்துல இருக்கறதும் அதுல இருக்கறதும் ஒண்ணுதானானு பாக்கணும். கிண்ணம், கரண்டி, எப்படி இருக்கோ அப்படியே. எதையும் கழுவிடாதீங்க."

"டாக்டர், காலையிலயே நான்..."

"இப்ப சொல்லிட்டீங்க. நேரத்தை வீணாக்காம வாங்க."

சவுனா கொல்லையில் இருந்தது, முழங்காலளவு பனிக்கு அப்பால். லொரெட்டா கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதன் வெளியறையில் நின்றதெல்லாம் உடை மாற்ற மட்டும்தான். ஸைமா பெஞ்சுக்கு மேலிருந்த மரத்தட்டியைத் தள்ளினாள். உள்ளே மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள், மேலே மூடிய சின்னத் தட்டுகள். ஒன்று பாதி சாப்பிட்டது. அதில் ஹில்யாவின் கரடிப் பிடி போட்ட கரண்டி செருகி இருந்தது.

பக்கத்திலேயே பால் காய்ச்சும் பாத்திரம், பளிச்சென்று தேய்த்தது. லொரெட்டா சமையலறையில் வைத்திருக்கும் அதே கிருமிநாசினி பாட்டில். அதே கையுறைப் பெட்டி. டேல் அவளிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தான். அவளைவிடச் சுத்தமாகவே செய்திருந்தான். ஆனால் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கா அது, கழுவினால் போவதற்கு? தயிரைத் தயிராக்கியதே அந்தக் கிருமிதான். நூறு வருடமாக இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது, மகளின் உடம்பில் காவல் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா கொட்டிடுவே."

லொரெட்டா கொட்டியிருப்பாள், சந்தேகமே இல்லை.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே."

"என்னை யாரு உள்ள விட்டா?" என்றாள் ஸைமா. அதில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் லொரெட்டாவுக்கு உறைத்தது. அந்த அறைக் கதவை அவள் சாத்தாமல் இருந்திருந்தால், கேள்வி கேட்ட அந்த நிமிடமே பதில் கிடைத்திருக்கும். காலை முழுக்க வீணாகியிருக்காது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் இதை எந்தத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டுவாள்?

பாதி சாப்பிட்ட கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். கரண்டியை அசைக்கவில்லை.

திரும்பும் வழியில் பனி இன்னும் கனத்தது. முன்சீட்டில் லொரெட்டா கிண்ணத்தை மடியில் வைத்து, மேல் தட்டை ஒரு கையாலும் அடியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தயிர் மெதுவாகச் சாய்ந்தது, மெதுவாக நிமிர்ந்தது. ஒரு துளி சிந்தக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தயிருக்காக அவள் இப்படி உட்காருவாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

"ரேடியோவுல டேலுக்குச் சொல்லச் சொல்லவா? பெட்ரோல் போடற பங்க்குல நிறுத்தினா அவன் டிப்போவுக்குப் போன் பண்ணலாம்" என்றாள் ஸைமா.

"வேண்டாம். அதை ஊரே கேக்கும். அவன்கிட்ட நான்தான் சொல்லணும்."

"அவனைத் திட்டப்போறியா?"

"தெரியலை." நிஜமாகவே தெரியவில்லை. திட்ட வேண்டும் போலிருந்தது. அவன் தோளில் சாய்ந்து அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் எப்படி ஒரே நேரத்தில் செய்வது?

மேடு ஏறும்போது முன்னால் மஞ்சள் விளக்குச் சுழன்றது. பனி தள்ளும் வண்டி. பின்பக்கம் ஹில்யா ஒட்டிய அணில் படத்தைப் பார்த்ததுமே யாருடைய வண்டி என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் அவர்களுக்கு முன்னால் சாலையைத் திறந்துகொண்டு போனவன் டேல்தான். அவன் தள்ளிவிட்ட பாதையில்தான் இவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஸைமா விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். பெரிய வண்டி மெல்ல ஓரம் கட்டி நின்றது. அக்காவின் வண்டியைக் கண்ணாடியில் பார்த்திருப்பான். இவர்கள் பக்கத்தில் போய் நிறுத்தியதும், மேலே ஜன்னல் இறங்கியது. மீசையெல்லாம் பனித்தூள். லொரெட்டாவும் கண்ணாடியை இறக்கினாள்.

டேல் மனைவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். இருவரும் ஒரே வண்டியில். பிறகு மனைவியின் மடியைப் பார்த்தான். கிண்ணம், தட்டு, கரடிக் கரண்டியின் காது.

அவன் முகம் மலர்ந்தது. ஹில்யாவுக்கு நோய் என்று தெரிந்த பிறகு லொரெட்டா அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

"கேட்டாளா?" என்றான் டேல். "காய்ச்சல் விட்டுடுச்சா? வீலி வேணும்னு கேட்டாளா?"

ஸைமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லொரெட்டா தட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். "டேல், கீழ இறங்கி வா" என்றாள்.

மேட்டில் சிக்னல் வந்திருக்க வேண்டும். அவள் கோட்டுப் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. எடுக்க வேண்டுமானால் கிண்ணத்தை விட வேண்டும். ஸைமா கை நீட்டிப் போனை வெளியே எடுத்தாள். ஆஸ்பத்திரி எண்.

டேல் படியில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.